ஆல்டோவின் கதவும் கறுப்புப் பிராடோவும்

13 ஒக்டோபர், திங்கள்

காலை வெயில். மூன்று மணிக்கு இடியோடு மழை. முழங்கால் நோ, இடது.

ஆல்டோவை இடித்துவிட்டான். ஒழுங்கையில் நிசாமின் கடை வாசலில் ஓரமாக நிறுத்திவிட்டு வல்லாரை வாங்க இறங்கினேன். கட்டு கையில், டமார் என்றது. திரும்பினால் சாரதிப் பக்கக் கதவு உள்ளே போயிருக்கிறது. கறுப்புப் பிராடோ ஒன்று மெரின் டிரைவ் பக்கம் திரும்புகிறது. நம்பரை உள்ளங்கையில் எழுதினேன்.

நிசாம் கல்லாவை விட்டு எழும்பவே இல்லை. "சத்தம் கேட்டிச்சு ஐயா. வாகனம் காணல்ல. ரெண்டு மூணு போன தானே."

ரெண்டு மூன்றாம்! மற்றதுகள் எல்லாம் சின்ன வாகனங்கள்.

பொலிஸுக்குப் போனேன். இடித்ததைக் கண்ணால் கண்டதா என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். கண்டேன் என்றேன். எழுதினார். கையெழுத்து வைத்தேன். விசாரணை வெள்ளி, பத்து மணி.

வல்லாரை கடையிலேயே கிடக்கிறது.

14 ஒக்டோபர், செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். பிரஷர் குளிசை முடிகிறது.

கதவு திறக்கிறது, பூட்ட மறுக்கிறது. கயிறு கட்டினேன். பள்ளத்தில் சாம்பல் நிறப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. கறுப்பு அல்ல. கறுப்புக்குக் கீழே அடிக்கும் முதற்பூச்சு சாம்பல்தானே. அதுவாக இருக்கும்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பஞ்சிகாவத்தையில் முப்பத்தெட்டு வருடம் வாகனப் பாட்ஸ் கடைக் கவுண்டரில் நின்றேன். ஆங்கிலம் படித்தது கட்டலொக் பார்த்து. வாகனத்தின் பெயரைச் சொன்னால் ஓடுகிறவனைச் சொல்லுவேன். முன்பு எழுதியதை இதிலும் பதிகிறேன்:

பழைய பென்ஸ் - டொக்டர், அல்லது டொக்டரின் விதவை. வழி விடுவார்கள்.
புது பென்ஸ் - வழி கேட்பார்கள், ஹோர்னால்.
வாகன் ஆர் - வாடகைக்கு ஓடும் ஹயர். எங்கே நிற்பான் என்று அவனுக்கே தெரியாது.
விட்ஸ் - டியூஷனுக்குப் பிள்ளை ஏற்றும் தாய். ஒரு கண் கண்ணாடியில், ஒரு கண் பின்சீற்றில்.
பிரியஸ் - சத்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான்.
ஆல்டோ - சொந்த உழைப்பு. இடித்தால் இறங்கி வருவான்.
பிராடோ - எழுதத் தேவையில்லை.

பவளம் எட்டிப் பார்த்தாள். நாற்பத்தாறு வருடமாக என் எழுத்தை எட்டிப் பார்க்கிறவள்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் அவன் இடிச்சதைக் கண்டனீங்களோ?"

"போனதைக் கண்டனான்."

"நான் அதைக் கேக்கேல்லை."

சாப்பாட்டை மூடி வைக்கச் சொன்னேன். பசி இல்லை.

அவளுக்கு என்ன தெரியும். முன்பொருநாள் பம்பலப்பிட்டியில் என்னை ஸ்கூட்டரோடு சாக்கடைக் கானுக்குள் தள்ளிய பெரிய ஜீப்பும் கறுப்புத்தான். கண்ணாடியும் கறுப்பு. அதைக் கொஞ்சம் இறக்கி, "அயின் வெயன்" என்றான் உள்ளேயிருந்தவன். ஒதுங்கிக்கொள்ளடா என்று. சிரித்தான். முறைப்பாடு எடுக்கவே மாட்டோம் என்றார்கள் அன்று. இன்று எடுத்திருக்கிறார்கள். விடமாட்டேன்.

15 ஒக்டோபர், புதன்

தண்ணீர் வரவில்லை, பதினொரு மணிவரை.

பெல் அடித்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். பிராடோவின் டிரைவராம். செல்வராஜா. ஊர் பொகவந்தலாவை, இருப்பது கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில்.

"நான் இடிக்கலீங்க ஐயா. எனக்கு முன்னாடி ஒரு சின்ன காரு போச்சு. அது இடிச்சிருக்கும்."

"என்ன கார்?"

"கவனிக்கலீங்க. சாம்பல் கலரு."

சாம்பல் என்றதும் கதவுப் பள்ளத்தின் பெயின்ட் ஞாபகம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"பிராடோ ஓடுறவன் எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவான்."

"வண்டி மொதலாளியோடதுங்க. நா வீட்டுக்கு பஸ்ல போறவன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பொலிஸ்ல லைசன வாங்கி வச்சிட்டாங்க. மொதலாளி வெள்ளிக்கெழமை வரைக்கும் பாக்குறேன்னு சொல்லியிருக்காரு. மக இந்த வருசம் ஓ.எல். எழுதுதுங்க."

"வெள்ளிக்கிழமை விசாரணையில சொல்லும்."

"நீங்க கண்டேன்னு எழுதி குடுத்திருக்கீங்களே. அப்புறம் நா என்னத்த சொல்றது?"

பவளம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் குடித்துவிட்டு கோப்பையைக் குசினி வரை கொண்டுபோய் வைத்தார். எனக்கு எரிச்சல். நல்லவன் போல நடிக்க எல்லாருக்கும் தெரியும்.

பவளம் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ரேடியோ மட்டும் பேசியது.

16 ஒக்டோபர், வியாழன்

குளிசை வாங்கினேன். வல்லாரையும் வாங்கினேன், வேறு கடையில்.

விடியத்தான் புத்தி வந்தது. முப்பத்தெட்டு வருடம் பம்பர் விற்றவன், பள்ளத்தின் உயரத்தைப் பார்க்கவில்லை! குடையை நிலத்தில் ஊன்றி, பள்ளத்தின் நடு உயரத்துக்குக் குடையில் சோக்கட்டியால் கோடு போட்டேன். என் முழங்காலுக்கு ஒரு விரல் கீழே.

பம்பலப்பிட்டிக் கலியாண மண்டபத்துக்கு நடந்தேன். முகூர்த்த நாள், பிராடோவுக்குப் பஞ்சமில்லை. முதலாவதின் பம்பர் கோட்டுக்கு நன்றாக மேலே. இரண்டாவது, அதைவிடப் பழைய மொடல். அதுவும் மேலே. மூன்றாவதுக்குக் குனிந்தபோது வாச்சர் வந்துவிட்டான்.

"என்னாங்க ஐயா, பிராடோவுக்கு சட்டை தைக்க அளவு எடுக்கிறீங்களா?"

"உம்மட வேலையைப் பாரும்."

"இதான் ஐயா எங்க வேல. குடையோட ஒருத்தரு காருங்களச் சுத்துறாருன்னா நாங்கதான் பாக்கணும்."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். வெளியே வந்தேன். மதிலோரம் ஒரு ஆல்டோ. சாம்பல் இல்லை, சிவப்பு. எனதைப் போல அதே மொடல். குடையைப் பிடித்தேன்.

கோட்டில் சரியாக நின்றது.

இன்னொரு தரமும் பிடித்தேன். குடையின் நுனி கல்லில் நிற்கிறதா என்று பார்த்து நிலம் மாற்றிப் பிடித்தேன். அதேதான்.

என்னை இடித்தது என்னைப் போல ஒருவன். ஆல்டோ. இறங்கி வராமல் போனவன்.

நாளை பத்து மணி. கண்டேன் என்று கையெழுத்து வைத்தவன், காணவில்லை என்று எப்படிச் சொல்வது? பிராடோதான் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் இருந்தால்? கதவைக் கொழுக்கி போட்டு இழுத்துத் திருத்திவிடலாம். செல்வராஜாவின் பிழைப்பு போனால் அதைத் திருத்த முடியாது.

பவளத்திடம் சொல்லவில்லை. குடையின் கோட்டை அவள் பார்த்தாள்.

17 ஒக்டோபர், வெள்ளி

இருட்டிக்கொண்டு வந்தது, பெய்யவில்லை.

குடையோடு போனேன். செல்வராஜா எனக்கு முன்பே வந்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை. எழும்பி நின்றார்.

சார்ஜன்ட் பதிவை வாசித்தார். இடையில் நிறுத்தினேன். "நான் போனதைத்தான் கண்டேன். இடித்ததைக் காணவில்லை." என் சிங்களம் நடுங்கியது. குடையைக் காட்டினேன், கோட்டைக் காட்டினேன், சாம்பல் பெயின்டைச் சொன்னேன்.

"அப்போ அங்கிள் அன்றைக்கு ஏன் கண்டேன் என்று சொன்னது?"

"பிராடோ என்றபடியால்."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பொய் முறைப்பாட்டுக்கு என்ன நடக்கும் தெரியுமா என்று கேட்டார். எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறேன் என்றேன். வயதானவர் என்று விட்டுவிடப் பார்த்தார். நான் விடவில்லை. என் பிழை என்று எழுதும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

லைசன்ஸைக் கொடுத்தார்கள். வாசலில் செல்வராஜா அதைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலால் தட்டிப் பார்த்தார்.

"லைசன் வந்திருச்சுங்க. வேல போயிருச்சு."

"வெள்ளி வரைக்கும் பாக்கிறன் எண்டு சொன்னவரெல்லோ?"

"நேத்தே வேற ஆளு வந்தாச்சு. ஒழுங்கையில யாரோ மொதலாளிக்கு சொல்லியிருக்காங்க, ஒங்க பிராடோ ஒரு கெழவரு காரை இடிச்சிட்டு ஓடிருச்சின்னு. வண்டிக்குப் பேரு கெட்டுப்போச்சாம்."

ஒழுங்கையில் சொல்லித் திரிந்தவன் யார்?

முதலாளியின் வீட்டு விலாசம் கேட்டேன். வேணாங்க ஐயா என்றார். மறுபடி கேட்டேன். சொன்னார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டில் பவளத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சாப்பிடுங்கோ" என்றாள். புதனுக்குப் பிறகு முதல் வார்த்தை.

18 ஒக்டோபர், சனி

தூறல். கதவின் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

கொழும்பு ஏழு, செல்வராஜா சொன்ன விலாசம். உயர்ந்த மதில், இரும்புக் கேற். வாச்சர் ஆல்டோவைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"டிலிவரியா? பின் கேற்றுக்குப் போங்க."

"உங்கட முதலாளியைப் பாக்க வேணும்."

"இந்தக் கார்லயா? அப்பொயின்ட்மன்ட் இருக்கா?"

"இல்லை."

"அப்போ திருப்புங்க அங்கிள். ரோட்ட மறிக்காதீங்க. சேருக்கு வெளிய போற நேரம்."

ஹோர்னில் கை வைத்தேன். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் ஆட்கள் வந்து நின்றார்கள். நாய் ஒன்று குரைத்துக் களைத்தது. கேற் திறந்தது.

உள்ளே பிராடோ. மழையில் நனையாமல் போர்ட்டிக்கோவின் கீழ். புது ஆள் ஒருவன் துணியோடு கண்ணாடி துடைத்துக்கொண்டு நின்றான். இளம் ஆள். முகத்தில் பயம். இவனுக்கும் வீடு இருக்கும். செல்வராஜாவுக்கு வேலையைத் திருப்பிக் கேட்கும்போது, இவனுக்கும் ஒரு வழி முதலாளியிடம் கேட்கத்தான் வேண்டும்.

ஆல்டோவை உள்ளே விட்டேன். பிராடோவின் மூக்குக்குக் குறுக்கே, ஒரு முழ இடைவெளியில் நிறுத்தினேன். என்ஜினை நிற்பாட்டினேன்.

வாச்சர் ஓடிவந்தான். "அங்கிள், எடுங்க! சேர் இப்ப வருவார்!"

அதற்காகத்தானே வந்தது.

இதை எழுதுவது காருக்குள் இருந்து. குடை மடியில். மேல் மாடியில் திரைச்சீலை இரண்டு முறை விலகி மூடியது. வாச்சர் போனில் யாருடனோ பேசுகிறான், "பைத்தியம்" என்பது கேட்கிறது. ஆல்டோவின் திறப்பு என் சட்டைப் பையில்.