எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகு

அன்பையும் அதட்டலையும் ஒரே குரலில் வைத்திருந்த என் அப்பாவுக்கு,

கரண்டு பில் இன்னும் உங்கள் பெயரில்தான் வருகிறது. பெயரை மாற்றச் சொல்லி சாந்தி நச்சரிக்கிறாள். நான்தான் தள்ளிப்போடுகிறேன். உங்கள் பெயரில் வருகிறவரை பாதித் திட்டு உங்களுக்கு என்று எனக்கு ஒரு ஆறுதல்.

உங்கள் பேத்தியின் சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது, அப்பா. அவள் சடங்குக்கு நீங்கள் செய்து போட்டது. உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று பொன்மணியே கழற்றிக் கொடுத்தாள். தைக்குள் மீட்காவிட்டால் ஏலத்துக்குப் போய்விடும். உப்பு லாரிக்கு எடை போடுகிறவன் சம்பளத்தில் எதைக் குறைப்பது? அரிசியைக் குறைக்க முடியாது. காலேஜ் பஸ்ஸைக் குறைக்க முடியாது. மிச்சம் இருந்தது கரண்டு.

நீங்கள் ஆயுசெல்லாம் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி அள்ளினீர்கள். ஊருக்கெல்லாம் கரண்டு அனுப்பிய வீட்டில் ஒரு பல்பைப் போட பயந்து கிடக்கிறோம்.

உங்களுக்கு மூச்சு முட்டியபோது வாங்கிய ஏசியை முதலில் விற்றேன். பிறகு இஸ்திரிப் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். "என்ன அண்ணாச்சி, சட்டைய மாடு மென்னுச்சா?" என்று லாரி டிரைவர்கள் கேட்கிறார்கள். ராத்திரியில் ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். மாவு பொங்கி, புளித்து, தரையெல்லாம் வழிந்தது. "ஒரு சட்டி மாவைக் கொட்டித்தான் ஒங்களுக்குக் கரண்டு மிச்சமாக்கும்?" என்றாள் சாந்தி. பத்தாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன் அறிவு இவ்வளவுதான்.

இவ்வளவு செய்தும் பில் குறையவில்லை. ஐநூறு யூனிட்டைத் தாண்டிவிட்டால் விலையே வேறு. மறுபடியும் தாண்டியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருக்கிற எல்லா சுவிட்சையும் அணைத்தேன்.

"ஏளா பொன்மணி, ஒன் ரூம் ஃபேனு?"

"நிப்பாட்டியாச்சுப்பா. இனி மூச்சைத்தான் நிப்பாட்டணும்."

போய் மீட்டரைப் பார்த்தால் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. ஒன்றுமே ஓடாத வீட்டில் அது யாருக்காகச் சிமிட்டுகிறது? புறவாசல் மோட்டார் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பி போவதை அப்போதுதான் கண்டேன். சுவருக்கு அடித்த வெள்ளையையே அதற்கும் அடித்திருந்ததால் இத்தனை நாளும் கண்ணில் படவில்லை. தொட்டால் சூடு. இணைப்பில் கறுப்பு டேப் சுற்றி, அதற்கு மேல் நைலான் நூலால் ஒரு கட்டு. அந்தக் கட்டை உங்களைத் தவிர யார் போடுவார்கள்?

கம்பி சுவரேறி ரெஜினா அக்கா வீட்டுக்குள் போகிறது. மீன் விற்றுத் தனியாகக் காலம் தள்ளுகிற அதே ரெஜினா அக்காதான். "யாருமில்லாத ரூம்ல யாருக்குலே காத்து வீசுது?" என்று என்னைத் திட்டித் தீர்த்த நீங்கள், அடுத்த வீட்டுக்கே காற்று வீசிக்கொண்டிருந்தீர்களா?

கோபம் வந்தது. கம்பியை வெட்டக் குறடு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசலில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. கையில என்ன கொறடு?"

"சும்மா... ஒரு ஆணி புடுங்கணும்க்கா."

உள்ளே மூலையில் ஒரு பழைய ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"இது எப்ப வாங்குனீங்க?"

"சித்திரையில. ஐஸ் வாங்கியே கட்டுப்படியாவல தம்பி. மிஞ்சுன மீனை வச்சு மறுநா விக்கலாம்லா. நீ ஒண்ணுஞ் சொல்லல, சரி, கணக்கு ஒத்துப்போவுதுன்னு இருந்தேன்."

"என்ன கணக்கு?"

"புதன்கிழம மீனுதான். எங்க வீட்டுக்காரவுக போனபெறவு பாக்கி கட்டலன்னு எங்க லைனைப் புடுங்கிட்டுப் போனாங்கள்லா, அன்னைக்கு ஒங்க அப்பாதான் கம்பி இழுத்துக் குடுத்தாரு. துட்டு வேண்டாம்னுட்டாரு. அதான் மீன் குடுக்கேன். பெட்டி வாங்குனபெறவு கூட ரெண்டு சேத்துல்லா வைக்கேன். பாக்கலியா நீ?"

புதன்கிழமை மீன்! "பேரம் பேசுறதுன்னா இப்படிப் பேசணும்லே" என்று பையைத் தூக்கிக் காட்டுவீர்களே, அப்பா. நீங்கள் சொன்ன விலைக்கு நானும் மார்க்கெட்டில் கேட்டு, "மீனை விடும், கூடையை வேணும்னா எடுத்துட்டுப் போரும்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போன பிறகும் அக்கா கொண்டுவந்து கொடுத்ததை, துக்க வீட்டுக்குக் காட்டுகிற இரக்கம் என்று சாந்தி நினைத்திருந்தாள்.

பில் ஏறிய விஷயத்தைச் சொன்னதும் அக்கா பதறி எழுந்தார். "பெட்டிய அமத்திருதேன் தம்பி."

"மீன் கெட்டுப்போவும்க்கா. இருக்கட்டும்" என்றேன். பெரிய ஜமீன்தார் நான்.

ஒரு கையில் குறடும் இன்னொரு கையில் அக்கா கொடுத்த சாளை மீனுமாக வீட்டுக்குள் நுழைந்தேன். "கம்பிய வெட்டப் போன லட்சணம்!" என்று சாந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

பொன்மணிதான் யோசித்துச் சொன்னாள். "அத்தைக்குத் தனி மீட்டர் இருந்தா முதல் நூறு யூனிட்டு சும்மாதானப்பா? நம்ம லைன்ல ஓடுததாலதான் அம்புட்டும் ஏத்தமான வெலையில விழுது."

உங்களுக்கு இது தோன்றவில்லையா? ஒரு பல்புக்கு இழுத்த கம்பிதானே என்று விட்டுவிட்டீர்களா?

தனி மீட்டருக்கு அந்தப் பழைய பாக்கியைக் கட்ட வேண்டும், டெபாசிட் கட்ட வேண்டும். அக்காவிடம் பாதிதான் இருக்கிறது. மீதியை நாங்கள்தான் போட வேண்டும். கடைசியில் பொன்மணியே சொன்னாள்: "சங்கிலிக்குச் சேத்ததுல எடுங்க. பில்லு கொறஞ்சா தைக்குள்ள சேந்துரும்லா."

"சேராட்டா?" என்றேன்.

வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பணம் கட்டியாயிற்று. மின்வாரியத்தில் இன்று வருகிறோம், நாளை வருகிறோம் என்கிறார்கள். என்னால் உட்கார முடியவில்லை. கம்பியைத் தொட்டுப் பார்க்கிறேன், மீட்டரைப் பார்க்கிறேன், என் ஃபேனை அணைக்கிறேன், வேர்த்துப்போய் மறுபடியும் மீட்டரிடம் போகிறேன். தை நெருங்குகிறது. அக்கா பெட்டிக்கும் பேத்தி கழுத்துக்கும் நடுவே என்னை நிறுத்திவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் வெட்டியிருப்பீர்களா? கேட்க வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அக்கா வீட்டில் மீட்டர் ஓடுகிற அன்று நீங்கள் போட்ட கட்டை வெட்ட மாட்டேன், நூல் பிரித்து அவிழ்ப்பேன். தைக்குள் சங்கிலியை மீட்பேன். ராத்திரி டியூட்டியும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். சங்கிலி பேத்தி கழுத்தில் ஏறிய மறுநாள் பில்லையும் என் பெயருக்கு மாற்றிவிடுகிறேன். அதுவரை பாதித் திட்டைத் தாங்கிக்கொள்ளுங்கள். புதன்கிழமை மீனுக்கு இனிமேல் துட்டுதான். பேரம் பேச மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.

உங்கள் பெயரில் பில் கட்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் மூத்த மகன்
செல்வம்