மாதனூர் மைதானத்துக் காற்று

ஆம்பூர்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா சம்பத் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அங்கே ஷில்லாங் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். முதலில் என் கையெழுத்துக்காகக் கோபித்துக்கொள்ளாதே அம்மா. வரிகள் நேராகப் புறப்படுகின்றன, பாதி வழியில் மேடு ஏறிவிடுகின்றன, கொம்பு போட வேண்டிய இடத்தில் பேனா நின்று யோசிக்கிறது. அறுபத்தெட்டு வயதில் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது, இந்தக் கடிதத்துக்கு மட்டும் நான்கு நாள் ஆகிவிட்டது. போனிலேயே சொல்லலாமே என்பாய். போனை எடுத்தால் உன் அம்மா சௌந்தரம் பிடுங்கிக்கொள்கிறாள். அது மட்டும் இல்லை, நான் சொல்லப்போவது அவள் காதில் விழக் கூடாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் எழுத எழுத எதிரிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள், “இன்னாய்யா எழுதுறே இம்மா நேரம்” என்று கேட்கிறாள், நீ நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று எழுதுகிறேன் என்கிறேன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் முதல் முறையாக அவள் கண் முன்னாலேயே அவளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்கிறேன், அந்த ஆனந்தத்தை எப்படி எழுதுவது என்று இன்னும் வகுப்பில் சொல்லித்தரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாதனூரைத் தாண்டி இருக்கும் அந்தப் புதுக் கல்லூரியில் பெண்கள் கால்பந்து அணிக்கு உன்னைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், “அப்பா, நீங்க போய் இடத்தைப் பாத்துட்டு வாங்க, பந்து ஆடத் தெரிஞ்ச பிள்ளைங்க அந்த இடத்துக்கு வருவாங்களான்னு மட்டும் சொல்லுங்க, மத்தது நான் பாத்துக்கறேன்” என்று நீ சொன்னாய். அப்பாவை நம்பி நீ கொடுத்த பெரிய வேலை அது. அன்றைக்கே இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு கலீமுல்லாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். கல்லூரிப் பெயர்ப்பலகையை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன், கலீமுல்லா முதுகில் தட்டிக் கொடுத்தான். மைதானம் தட்டையாக, பெரியதாக இருக்கிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாலாறு. காற்று என்றால் காற்று, சட்டை படபடக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் நடுவில் நின்று நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டோம். “தோஸ்து, இந்தக் காத்துக்கே பிள்ளைங்க ஓடி வரும்டா” என்றான் அவன். நானும் அப்படியே நினைத்தேன். வீட்டுக்கு வந்து, காற்று பிரமாதம், உடனே புறப்பட்டு வா என்று உனக்கு ஒரு பக்கம் எழுதிக்கூட வைத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தைக் கலீமுல்லாவின் மனைவி ஹலீமா பீக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவர் உருது, தமிழ் இரண்டும் படித்தவர், என் எழுத்துப் பிழைகளைத் திருத்துவார். அன்று பிழையைத் திருத்தவில்லை, நெற்றியில் அடித்துக்கொண்டார். “அண்ணா, அந்தக் காலேஜுக்குப் பின்னாடியே தோல் பதப்படுத்துற ஷாப்பு இருக்குது. நீங்க நாப்பத்தோரு வருசம் சுண்ணாம்புத் தொட்டியில நின்னவரு. இவரு முப்பத்தெட்டு வருசம் பச்சைத் தோலு பிரிச்சவரு. ரெண்டு பேருக்கும் மூக்கு செத்துப் போயி எத்தனையோ காலமாச்சு. காத்து நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்கு உங்க ரெண்டு பேரையா அனுப்புனாங்க” என்று கேட்டார். நானும் கலீமுல்லாவும் ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மைதான் அம்மா. உன் அம்மா ரசம் கருகவிட்டாலும் நான் சாப்பிட்டு எழுந்துவிடுவேன், அதனால்தான் நம் குடும்பம் சண்டையில்லாமல் ஓடுகிறது. ஆனால் இப்போது சிக்கல் வந்துவிட்டது. நாற்றம் இருக்கிறதா இல்லையா, இருந்தால் எவ்வளவு, அது பிள்ளைகளைத் துரத்துமா என்று தெரியாமல் உனக்கு எப்படிப் பதில் சொல்வேன்.

எனவே போன வாரம் சனிக்கிழமை ஹலீமா பீயையும் அழைத்துக்கொண்டு போனோம். அவர் மூக்கு உனக்குத் தெரியும், தெரு முனையில் நின்று எந்த வீட்டு பிரியாணியில் புதினா கம்மி என்று சொல்லிவிடுவார். ஆட்டோவிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார், துப்பட்டாவை இழுத்து மூக்கை மூடினார், மற்றக் காலை வைக்கவே இல்லை. “யா அல்லா, டிரைவர் தம்பி, கிளம்பாதே, இங்கயே நில்லு” என்றார். பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு இறங்கி மைதானத்தின் நான்கு மூலையிலும் நின்று பார்த்தார். கொடிக்கம்பத்துப் பக்கம் தாங்கலாம், மலைப் பக்கத்துக் கோல் அருகே தாங்கவே முடியாது, காற்று பாலாற்றுப் பக்கமிருந்து வந்தால் ஒன்றும் இல்லை, ஷாப் பக்கமிருந்து வந்தால் சாப்பிட்டது வெளியே வரும் என்று தீர்ப்பு சொன்னார். நான் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன், டாக்டர் பின்னால் போகும் நர்ஸ் மாதிரி.

அன்றைக்கு அங்கே ஒரு ஆட்டமும் இருந்தது. சென்னையிலிருந்து ஒரு கல்லூரி அணி வந்திருந்தது. நம் கல்லூரி அணி என்றால் ஓடத் தெரிந்தவர்கள், உயரமானவர்கள் என்று வகுப்பறையிலிருந்து பிடித்து வந்த பதினோரு பெண்கள், எல்லோரும் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள். முதல் பாதியில் காற்று பாலாற்றுப் பக்கமிருந்து அடித்தது, சென்னைப் பெண்கள் மூன்று கோல் போட்டுவிட்டார்கள். இடைவேளையில் ஹலீமா பீ திடீரென்று துப்பட்டாவைத் தூக்கி மூக்கை மூடினார். “திரும்பிடுச்சு” என்றார். அவ்வளவுதான். சென்னைப் பெண்கள் மலைப் பக்கத்துக் கோலுக்கு மாறினார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் பாவம், ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பந்தைத் தடுத்தாள். ஒரு கையால் எத்தனை தடுக்க முடியும். தடுப்பு ஆட்டக்காரி ஒருத்தி ஓரமாகப் போய் குனிந்து நின்றுவிட்டாள். நம் பிள்ளைகள் ஒன்றும் நடக்காதது போல ஓடி ஓடி நான்கு கோல் போட்டார்கள். கலீமுல்லா எழுந்து நின்று, “நம்ம பக்கம் பன்னெண்டு பேருடா, பன்னெண்டாவது ஆளு ஷாப்புக்குள்ள இருக்கான்” என்று கத்தினான். எதிரணிப் பயிற்சியாளர் போகும்போது, அடுத்த ஆட்டம் சென்னையில்தான் என்று சொல்லிவிட்டு கைகூட கொடுக்காமல் பஸ் ஏறினார்.

எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அங்கிருந்த பி.டி. மாஸ்டரிடம் நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். சொந்த ஊரில் ஜெயிப்பது வேறு சார், ஆள் பிடிப்பது வேறு சார் என்று அவர் அழுகிற மாதிரி சொன்னார். போன வருஷம் விடுதி இலவசம், சாப்பாடு இலவசம் என்று விளம்பரம் கொடுத்து வெளியூரிலிருந்து முப்பது நல்ல ஆட்டக்காரப் பெண்கள் பெற்றோருடன் வந்தார்களாம். இருபத்தொன்பது பேர் பெட்டியைப் பிரிக்காமலே வந்த வண்டியில் திரும்பிப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் தங்கினாள், அவளுக்கு ஜலதோஷம். ஜலதோஷம் சரியானதும் அவளும் போய்விட்டாள். கோப்பைகளைக் காட்டினாலும், உதவித்தொகையைக் காட்டினாலும் வாசலில் காற்று வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது என்றார். நீ இருக்கும் ஊரில் பிள்ளைகள் மழையிலும் சேற்றிலும் தானாகவே பந்து ஆடிக்கொண்டு திரிகிறார்கள், நீ பயிற்சி கொடுக்கும் கல்லூரி வாசலில் நின்று கை தட்டினால் இருபது பேர் வருவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்தக் கைதட்டல் இங்கே செல்லாது.

அதோடு விட்டிருந்தால் நான் உன் அப்பா இல்லை. கல்லூரி வாசலுக்கு எதிரேதான் ஷூ கம்பெனி பஸ்கள் நிற்கின்றன, காலை ஏழேகாலுக்கு ஏற்றுகின்றன, மாலை ஆறு மணிக்கு இறக்குகின்றன, பத்துப் பதினைந்து கிராமத்துப் பெண்கள் அங்கே வந்து போகிறார்கள். அவர்கள் வீட்டில் மகள்கள் இருப்பார்கள் அல்லவா. மூன்று நாள் மாலை அங்கே போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு அம்மாவிடமும், வீட்டில் பதினேழு பதினெட்டு வயதில் பெண் இருக்கிறாளா, என்ன உயரம், முட்டிவலி உண்டா, வேகமாக நடப்பாளா என்று விசாரித்தேன். இரண்டாம் நாளே நான்கு பேர் ஜாதகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு அம்மா, “பையன் எந்தக் கம்பெனி, சூப்பர்வைசரா” என்று கேட்டார். பையன் இல்லை அம்மா, எங்களுக்குப் பதினோரு பெண்கள் வேண்டும், கூடுதலாக ஐந்து பேர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னைப் பேசிய பேச்சை எழுத எனக்கு எழுத்துத் தெரியாது, தெரிந்தாலும் மகளுக்கு எழுத முடியாது. கலீமுல்லா குறுக்கே புகுந்து, “இது பந்து விளையாட்டும்மா, பந்து” என்று காலைத் தூக்கி உதைத்துக் காட்டினான், செருப்பு பறந்து போய் பஸ் கூரைமேல் விழுந்துவிட்டது. பஸ்ஸோடு செருப்பும் போய்விட்டது.

மூன்றாம் நாள்தான் சைராவைப் பார்த்தேன். அவள் அம்மா தில்ஷாத் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறார், அம்மாவை அழைத்துப்போக அந்தப் பெண் வந்திருந்தாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள். காத்திருக்கும் நேரத்தில் காலித் தண்ணீர் பாட்டிலை இடது காலால் தட்டிக்கொண்டே இருந்தாள், அது தரையில் விழவே இல்லை. நான் நாற்பத்திரண்டு வரை எண்ணினேன், பஸ் வந்து மறைத்துவிட்டது. பக்கத்தில் போய், இந்தக் கல்லூரியில் நாற்றம் அடிக்கிறதாமே, உனக்குத் தொந்தரவாக இருக்குமா அம்மா என்று கேட்டேன். அவள் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, “இன்னா நாத்தம் தாத்தா?” என்றாள். பூர்ணிமா, அந்த இடத்திலேயே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தில்ஷாத்திடம் பேசினேன். வேலூருக்கோ சென்னைக்கோ படிக்க அனுப்பவே மாட்டாராம், ஆனால் இந்தக் கல்லூரி என்றால் காலையில் தன் கூடவே வருவாள், மாலையில் தன் கூடவே திரும்புவாள், பயப்பட ஒன்றும் இல்லை என்கிறார். “ஆனா சொல்லிக் குடுக்கறது பொம்பளை டீச்சரா இருக்கணும், அப்பத்தான் அனுப்புவேன்” என்றும் சொல்லிவிட்டார். மொத்தத்தில் எனக்குப் புரிந்தது இதுதான். தூரத்துப் பிள்ளைகளைத் துரத்துகிற அதே இடம், இந்த பஸ் நிறுத்தத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வீட்டு வாசல். இங்கே வந்தால் உனக்கு ஆட்டம் தெரிந்தவர்கள் கிடைக்க மாட்டார்கள், ஆட்டத்தை நீதான் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும், ஒவ்வொருத்தியையும் அவள் அம்மா வழியாகத்தான் பிடிக்க வேண்டும். கோப்பை வர ஐந்து வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம்.

இப்போது அம்மாவுக்குத் தெரியக் கூடாத விஷயம். நாற்றத்தைப் பற்றிப் பூர்ணிமாவுக்கு ஒரு வார்த்தை எழுதாதே, வந்த பிறகு அவளே தெரிந்துகொள்ளட்டும், வந்த பிள்ளை திரும்பியா போகும் என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்கும் அந்த ஆசை இல்லை என்று சொன்னால் பொய். நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. காற்று பிரமாதம் என்று எழுதிய அந்தப் பக்கத்தை இரண்டு நாள் கிழிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். ஆனால் நீ இடத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னாய், ஆசையைச் சொல்லச் சொல்லவில்லை. கிழித்துவிட்டேன். நாற்றம் இருக்கிறது அம்மா, நிறையவே இருக்கிறது.

ஆனாலும் எவ்வளவு என்று உனக்கு எப்படிப் புரியவைப்பது. அதற்கு எனக்குப் பேனா போதவில்லை, அதனால் ஒரு கைக்குட்டையை மலைப் பக்கத்துக் கோல் கம்பத்தில் மூன்று நாள் கட்டி வைத்து, எடுத்து, மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதில் ஏதாவது இருக்கிறதா என்று எனக்கோ கலீமுல்லாவுக்கோ தெரியாது, ஹலீமா பீ தள்ளி நின்று பார்த்துவிட்டு, “போதும்ணா, இது ஷில்லாங்கைத் தாண்டியும் போவும்” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். அறைக்குள் பிரிக்காதே, சாப்பாட்டு நேரத்தில் பிரிக்காதே. சின்ன வயதில் நான் வேலை முடிந்து வந்ததும், குளிக்கிற வரைக்கும் பொறுக்காமல் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாய், ஒருநாளும் முகத்தைத் திருப்பியதில்லை. ஆனால் எட்டு வருஷம் மலைக்காற்றில் இருந்த மூக்கு இப்போது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. வெளியே போய் நின்று, பிரித்து, நன்றாக மோந்து பார். குமட்டினால் அங்கேயே இரு, நீ இருக்கும் இடத்தில் நன்றாக இருக்கிறாய், நான் உன் அம்மாவைச் சமாளித்துக்கொள்கிறேன். குமட்டிக்கொண்டே சிரிப்பும் வந்தால் பெட்டியைக் கட்டு.

எதுவானாலும் முப்பதாம் தேதிக்குள் கல்லூரிக்குப் பதில் சொல்லிவிடு, மறந்துவிடாதே, சைராவின் சேர்க்கையும் அதில்தான் நிற்கிறது. உன் கைகால் சுகமாக, உன் பிள்ளைகள் அடிக்கிற பந்தெல்லாம் வலைக்குள் போக, நீ எந்த ஊரில் நின்றாலும் நன்றாக இருக்க எங்கள் இரண்டு பேரின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமையும் பேனாவை எடுப்பேன், அதற்குள் கலீமுல்லாவின் செருப்பு எந்த ஊர் போய்ச் சேர்ந்தது என்று டிரைவரிடம் கேட்டு வைக்கிறேன்.

மூக்கு இல்லாவிட்டாலும் கண்ணால் பார்த்ததை மறைக்காமல் எழுதிய
உன் அப்பா,
சம்பத்