மன்னிப்புக் காட்சி

கிள்ளான்,
சனிக்கிழமை.

அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா? பாருங்கள், ஒருவரிடம் நேராக ஒரு கேள்வி கேட்பது இவ்வளவுதான். ஆளும் வேண்டாம், கேமராவும் வேண்டாம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் உங்கள் குரலைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "பாப்பா, லைன்ல இருக்கியா இல்லியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவீர்கள். எழுதினால் உங்களால் நடுவில் பேச முடியாது. உங்களோடு ஓமான் துறைமுகத்தில் வேலை செய்யும் முகுந்தன் அங்கிள் லீவு முடிந்து திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். நம் வீட்டு விஷயத்தைப் பார்த்தவர்கள் ஏற்கெனவே போதும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதே பூக்கடைதான். தீபாவளி நெருங்குவதால் மாலைக்கு ஆர்டர் குவிகிறது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பேசச் சொன்னால் அழுதுவிடுவேன். இங்கே தலையைக் குனிந்து கட்டிக்கொண்டே இருந்தால் போதும், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நீங்கள் ஓமானிலிருந்து வீடியோ காலில் எங்களைப் பார்த்தது பண்டமாரானில் சித்தப்பா வீட்டு டிவிக்குள் இருந்து. அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அது எப்படி இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அத்தைகள், மாமாக்கள், அந்தத் தாமான் குடியிருப்பில் நாம் யாரென்றே தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் உட்பட எல்லாரும் வந்திருந்தார்கள். உங்கள் முகம் சுவர் அளவுக்குப் பெரிதாக இருந்தது. எல்லாரும் உட்கார்ந்ததும், "இந்த ரூமை விட்டு யாரும் வெளிய போகக் கூடாது" என்றீர்கள். அழகிரி சித்தப்பா கை தட்டிச் சிரித்தார், "டயலாக்கைப் பாருங்கலா!" என்று. எனக்கும் அந்த வசனம் தெரியும். ஒவ்வொரு தீபாவளி மத்தியானமும் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு நீங்கள் போடும் அந்தக் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படத்தில் கறுப்புக் கோட்டுக்காரர் பேசுவது. பங்களா கூடத்தில் குடும்பத்தையே கூட்டிவைத்து, வட்ட மேசையில் படங்களை ஒவ்வொன்றாகப் பரப்புவாரே, அதற்கு முன்னால்.

உங்கள் கறுப்புக் கோட்டுக்காரர், அம்மாவை வேவு பார்க்க நீங்கள் வைத்த குரு அங்கிள். அவர் வெள்ளை மைவி காரில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது பிளாட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆலோங் ஆள், வட்டிக்காசு வசூலிக்க வந்திருக்கிறான் என்று நினைத்து மூன்றாம் மாடி ஆன்டி கார் நம்பரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அம்மாவே ஒருநாள், "பாவம் லா, வெயில்ல கிடக்கறான்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு போனார்.

அவர் எடுத்த படங்கள் கை மாறிக் கை மாறிப் போயின. ஒன்றில் அம்மா பொட்டில்லாமல், பூவில்லாமல், கழுத்தில் தாலியில்லாமல் படியிறங்குகிறார். ஒன்றில் வெள்ளை வேனில் முன் சீட்டில், ஓர் ஆணுக்குப் பக்கத்தில். இன்னொன்றில் அந்த ஆள் ஒரு பொட்டலத்தை நீட்டுகிறார், அம்மா சிரித்துக்கொண்டே வாங்குகிறார். வேன் எங்கே போகிறது என்று குரு அங்கிளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் ஃபெடரல் ஹைவே ஜாமில் விட்டுவிட்டாராம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாலி இல்லாத கழுத்தே போதுமானதாக இருந்தது. பெரிய அத்தை, "நல்லவேளை, எங்க அம்மா இதையெல்லாம் பார்க்காம போய்ச் சேர்ந்தாங்க" என்றார்.

நான் பேச வாயெடுத்தேன். நம்பமாட்டீர்கள், எடுத்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தார். "சும்மா இரு. யாராச்சும் கேட்டா நானே சொல்றேன்" என்று காதோடு சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். "இவளை என்ன செய்யலாம்?" என்று நீங்கள் மாமாவைக் கேட்டீர்கள். "எத்தனை நாளா நடக்குது?" என்று குரு அங்கிளைக் கேட்டீர்கள். பிள்ளையை என்ன செய்வது என்று சித்தப்பாவைக் கேட்டீர்கள். அம்மாவை நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. கடைசியில் லைன் போய் உங்கள் முகம் அப்படியே உறைந்துவிட்டது, வாய் திறந்தபடி.

மறுநாள் காலை சித்தப்பா வீரமாக வந்து வேனுக்குக் குறுக்கே நின்றார். வேன் ஓட்டும் ஜாபர் அலி அண்ணனைச் சட்டையோடு பிடித்து இழுத்து, "எங்கடா கூட்டிட்டுப் போற எங்க வீட்டுப் பொம்பளைய?" என்று கத்தினார். அன்றைக்கு வேன் பண்டமாரான் ஆட்களை ஏற்றிக்கொண்டு கடைசியாக எங்களிடம் வந்திருந்தது. பின் கதவு திறந்தது. சல்மா அக்கா இறங்கினார். "அண்ணே, அது என் புருஷன். உள்ள வேன் நிறைய பொம்பளைங்க இருக்கோம். எல்லாரையும் ஷா ஆலம் ஃபேக்டரிக்குத்தான் கூட்டிட்டுப் போறாரு. உங்களுக்கு எந்தப் பொம்பளை வேணும், பார்த்து எடுத்துக்கோங்க" என்றார். உள்ளே ஒரே சிரிப்பு. "ஏறுங்க பாஸ், ஓவர்டைம்கூட கொடுக்குறாங்க!" என்று ஒரு குரல். சித்தப்பாவின் கை சட்டையில் அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டார்.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். அம்மா கம்ப்யூட்டர் சிப் செய்யும் ஃபேக்டரியில் வேலை செய்கிறார். அந்த அறைக்குள் ஒரு தூசி போகக் கூடாது. பொட்டு, பவுடர், பூ, நகை எதுவும் ஆகாது. கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடை. போன் லாக்கரில். பகலில் அம்மா போன் எடுக்கவில்லை என்பதுதானே உங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு? முன் சீட்டில் உட்கார்வது வேனில் தலை சுற்றுவதால். பொட்டலத்தில் இருந்தது சல்மா அக்கா செய்த நாசி லெமாக் சோறு. காலையில் சாமி மேடை முன் தாலியைக் கழற்றி மஞ்சள் சுருக்குப் பையில் வைப்பார். சாயந்திரம் வந்ததும் கை கழுவிவிட்டு, தண்ணீர் குடிக்கும் முன்பே, அதை மாட்டிக்கொள்வார். இதைப் படம் எடுக்க குரு அங்கிளுக்கு வழியில்லை, ஏனென்றால் இது வீட்டுக்குள் நடப்பது.

ஏன் மறைத்தாய் என்று நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "என் பொண்டாட்டி ஃபேக்டரி வேன்ல ஏற மாட்டா" என்று கல்யாணமான புதிதில் நீங்கள் ஊரெல்லாம் சொன்னீர்களாம். "சொன்னா விடமாட்டார். எனக்குப் போகணும். அங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க" என்றார். அங்கே அம்மாவுக்குக் காக் புனி என்று பேர். புனிதவதி அக்கா என்று அர்த்தம். நம் வீட்டில் அம்மாவின் பெயரை நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. "இந்தா" என்பீர்கள்.

அதற்குப் பிறகாவது நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று இருந்தேன். வந்தது சித்தப்பா போனுக்கு ஒரு குரல் பதிவு. எங்கள் சமையலறையில் நின்று அதைப் போட்டுக் காட்டினார். "சரி விடு. நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லு. வேலைய மட்டும் விட்டுடச் சொல்லு. தீபாவளிக்கு வர்றேன், ஏர்போர்ட்டுக்கு நல்ல சேலை கட்டிட்டு வரச் சொல்லு." அம்மா அடுப்பை அணைத்தார். "யாரை மன்னிச்சாராம்?" என்று கேட்டார். சித்தப்பாவுக்குக் கேள்வி புரியவில்லை. அன்றிலிருந்து சுருக்குப் பை சாமி மேடையிலேயே இருக்கிறது. வேலை முடிந்து வந்து கை கழுவுகிறார், தண்ணீர் குடிக்கிறார்.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் உங்கள் துப்பறியும் படத்தையே பெரிய திரையில் போட்டார்கள். பழைய படங்களை இலவசமாகக் காட்டும் சங்கம். எங்கள் பூக்கடையில் ஒட்டிய போஸ்டரைப் பார்த்துச் சொன்னேன். அம்மா, "வா, போய்ப் பார்ப்போம்" என்றார். கொமுட்டர் ரயிலில் போனோம். மண்டபம் நிறைந்திருந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் வரும்போது உங்கள் வயது அங்கிள்கள் விசில் அடித்தார்கள், அவர் பேசுவதற்கு முன்பே வசனத்தைச் சொன்னார்கள். பின்வரிசைக் காலேஜ் பிள்ளைகள் ஒட்டு மீசையைப் பார்த்து, "டேய், மீசை கழண்டுருச்சு லா!" என்று கத்தினார்கள். அம்மாவும் சிரித்தார்.

பிறகு அந்தக் கூடம். வட்ட மேசை. அந்த மனைவி ரகசியமாகப் போனது ஜெயிலில் இருக்கும் அண்ணனுக்குச் சோறு கொடுக்கத்தான் என்று கறுப்புக் கோட்டுக்காரர் சொல்கிறார். புருஷன், "உன்னை மன்னித்தேன்" என்கிறான். அவள் ஓடிவந்து அவன் காலில் விழுகிறாள். நீங்கள் எப்போதும் கண் துடைத்துக்கொள்ளும் இடம். எல்லாரும் கை தட்டினார்கள். அப்போது அம்மா எழுந்துவிட்டார். பண்டமாரானில் வாயே திறக்காத அம்மா, திரையைப் பார்த்து, "எதுக்குடி விழுற? நீ என்ன தப்பு செஞ்ச?" என்று கேட்டார். "உட்காருங்க ஆன்டி, படம் மறைக்குது" என்று முன்னால் ஒருவர் திரும்பினார். ஓரத்திலிருந்து ஒரு பெண் குரல், "கேக்கட்டும் லா, சரியாத்தானே கேக்கறாங்க!" என்றது. அதன் பிறகு படத்தை யாரும் பார்க்கவில்லை, ஒரே சண்டை.

விளக்கைப் போட்டதும் தம்புசாமி என்ற பெரியவர் மைக்கைப் பிடித்து, "அந்தக் காலத்துப் படம்மா, படத்தைப் படமா பாருங்க" என்றார். "என் வீட்டுல இன்னும் ஓடுது அங்கிள்" என்றார் அம்மா. மைக் என்னிடம் வந்தது. பக்கத்தில் கொடுத்துவிட்டேன். அங்கே சொல்ல வந்ததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் வரும் நாளில் அம்மாவுக்குப் பகல் ஷிஃப்ட். லீவு எடுக்கவில்லை. எனக்கும் கடை. ஏர்போர்ட்டுக்கு யாரும் வரமாட்டோம். வீடு பூட்டியிருக்கும். கீழே உட்கார்ந்து காத்திருங்கள், வெயில் அதிகமாக இருக்கும், எங்கே நிழல் விழும் என்று குரு அங்கிளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாயந்திரம் வெள்ளை வேன் வந்து நிற்கும். அம்மா முன் சீட்டிலிருந்து இறங்குவார். பொட்டு இருக்காது. கழுத்தைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

மன்னிப்பு என்ற சொல்லைக் கொண்டுவருவதாக இருந்தால், கேட்பதற்குக் கொண்டுவாருங்கள். கொடுப்பதற்கு என்றால் ஓமானிலேயே இருந்துவிடுங்கள். அந்தப் பையை நான் எடுத்துத் தரமாட்டேன், போட்டுக்கொள் என்று அம்மாவிடம் சொல்லவும் மாட்டேன். முதலில் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்களுக்கு வருமா என்று தெரியவில்லை. வரும் வழியில் விமானத்தில் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்பா.

உங்கள் மகள்,
ஷாமினி