மாவுக்கட்டுக்குள் வாசல் சாவி

அக்கா,

கதவைப் பூட்டாமல்தான் மாலை வகுப்புக்குப் போகிறேன். வாசல் சாவி உன் மகளின் மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. மணிக்கட்டு அரிக்கிறதென்று சாவியால் சொறிந்தாளாம், உள்ளே நழுவிவிட்டது. காலையில் நாம் சாவிக்காகப் போட்ட சண்டையில் பயந்து வாயே திறக்கவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். "எலும்பு இன்னும் கூடல. நாளைக்குக் காலையில கட்டைப் பிரிச்சுப் புதுசாப் போட்டுடலாம்" என்றார். அதுவரை விரல்களைப் பார்த்துக்கொண்டே இரு. வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தை துணைக்கு இருக்கிறார். சாப்பாடு அடுப்பின் மேல்.

காலையில் நான் பேசியது தப்பு. நீ பேசியதும்தான் என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை.

பி.கு: கையைக் குலுக்கிச் சாவிச் சத்தம் காட்டுவாள், விடாதே.

இன்னொன்று: திட்டாதே. "இனிமே சாவி தொலையாது சித்தி, கூப்பிட்டா நானே வந்துடுவேன்" என்கிறாள்.