போரிங் மெஷினுக்கு ஆள் வேண்டும்

4 மார்ச் 2024, திங்கள்

சுரேன் இன்று விடுப்பு. மறுபடியும் நான்தான் போரிங் மெஷினில். டிரில்லிங் மெஷினில் இரும்பில் ஓட்டை போடுவது என் வேலை. அந்த ஓட்டையைச் சரியான அளவுக்குக் கடைந்து எடுப்பது அவன் வேலை. அவன் வராத நாளில் இரண்டும் என் தலையில். சுங்காய் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போகும் உருப்படிகளை முடித்துக் கொடுத்தேன். அளவு எல்லாம் சரி. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

5 மார்ச்

மதியச் சாப்பாட்டில் சம்பளப் பேச்சு வந்தது. சுரேன் இரண்டாயிரத்து எழுநூறு வெள்ளி வாங்குகிறான். நான் ஆயிரத்துத் தொள்ளாயிரம். சொன்னதும் அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"என்னக்கா சொல்றீங்க? எனக்கு முன்னாலேயே வந்தவங்க. எனக்கு மேல வாங்குவீங்கன்னுல நெனச்சேன்."

நான் ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை? யார் என் வாயைக் கட்டினார்கள்?

7 மார்ச்

லூமுட்டில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் போரிங் மெஷினுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஓவர்டைமோடு மூவாயிரத்து ஐந்நூறு வரை வருமாம். சுரேன்தான் போனில் காட்டினான். "ரெண்டு பேரும் போலாம்கா. ஒருத்தருக்குக் கெடைச்சாலும் நல்லதுதானே லா."

டேரனிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் எதற்கும் உடனே பதில் சொல்பவர் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "லூமுட்ல வீட்டு வாடகை எப்படின்னு விசாரிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

16 மார்ச், சனி

கெடுத்துவிட்டேன்.

சுரேன் காரில்தான் போனோம். ஆளுக்கொரு இரும்புத் துண்டு கொடுத்து, காகிதத்தில் இருந்த அளவுக்குக் கடையச் சொன்னார்கள். கடைசியில் மெதுவாக இரண்டு தடவை கடைந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் முடித்தேன். ஓட்டை முடியளவு பெரிதாகிவிட்டது. சின்னதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கடையலாம். பெரிதானதை என்ன செய்ய?

ஏன் அவசரப்பட்டேன்? அங்க நின்னு பாத்துக்கிட்டு இருந்தவனுக்கு என்னத்தக் காட்டணும்னு நெனச்சேன்? இங்க அடிக்கடி செய்றதுதானே — ச்சே.

திரும்பி வரும்போது சுரேன் ரேடியோவைப் போடவே இல்லை.

27 மார்ச்

சுரேனுக்கு லூமுட் வேலை கிடைத்துவிட்டது. ஏப்ரல் முடிந்ததும் போகிறான். "நல்லதுடா" என்றேன். என் முகம் எப்படி இருந்ததோ.

31 மார்ச், ஈஸ்டர்

கோயிலில் சுரேனுக்காக வேண்டிக்கொண்டேன். முழு மனதோடா? பாதி மனதோடு. மீதி கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

22 ஏப்ரல்

எங்கள் முதலாளி, தவுக்கே, ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவரோடு பேச்சு எப்போதும் மலாயில்தான். அடுத்த மாதத்திலிருந்து போரிங் மெஷின் எனக்காம், இருநூறு வெள்ளி கூட்டித் தருகிறாராம்.

சுரேன் வாங்கியதைத் தாருங்கள் என்றேன். சுரேனுக்கு அனுபவம் இருக்கிறது என்றார். அவன் இல்லாத நாளில் யார் ஓட்டியது, பாஸ் என்று கேட்டேன்.

நீயும் லூமுட் போனாயாமே என்றார். மறைக்கவில்லை. அங்கே ஒரு ஓட்டையைக் கெடுத்தேன், இங்கே இதுவரை ஒன்றையும் கெடுத்ததில்லை என்றேன்.

"தெங்கோக் டூலு, ஷார்மேன்" என்றார். பார்க்கலாம் என்று. அந்தச் சொல்லுக்கு அவர் அகராதியில் பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் பொருள்.

30 ஏப்ரல்

சுரேனுக்குக் கடைசி நாள். மெஷினைத் துடைத்து உறை போட்டுவிட்டுக் கிளம்பினான். "சம்பளத்த விட்டுக்குடுக்காதீங்கக்கா. வெளியில இதுக்கு ஆளே இல்ல லா." கட்டிக்கொண்டு வாழ்த்தினேன். இந்த முறை முழு மனதோடு.

2 மே

வெளியிலிருந்து ஒருவர் வேலை கேட்டு வந்தார். மூவாயிரத்து இருநூறுக்குக் குறைந்தால் வரமாட்டாராம். தவுக்கே அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். சுங்காய் ஆலையிலிருந்து போன் மேல் போன். போரிங் மெஷின் உறைக்குள்ளேயே கிடக்கிறது. நான் என் ஓட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது கேட்டதுதான், அது கிடைக்கும்வரை அந்த உறையைக் கழற்றமாட்டேன்.

6 மே, திங்கள்

காலையில் தவுக்கேயே என் மெஷின் பக்கம் வந்தார். இரண்டாயிரத்து எழுநூறு, இந்த மாதத்திலிருந்தே. வருடக் கடைசியில் கம்ப்யூட்டரில் ஓடும் போரிங் மெஷின் ஒன்று வாங்கப்போகிறாராம். அதைப் படிக்க யாரையாவது சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று இழுத்தார். அவர் முடிப்பதற்குள் நான் போகிறேன் என்றேன்.

டேரனுக்குப் போன் செய்தேன். "அப்போ வேற ஊர்ல வேல தேடி வீடு மாத்த வேணாம்" என்றார். போனை வைக்கும் முன், "நல்லாக் கேட்டே ஷார்மி" என்றார்.

8 ஜூன், சனி

முதல் வகுப்பு. ஈப்போ டவுனில் கார் நிறுத்த இடம் தேடித் தாமதமாகிவிட்டது. திரை முழுக்க எண்கள். பாதி புரியவில்லை, ஆனால் பயமாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தினேஸ்வரி கோலா கங்சார்க்காரி, ஏதோ பட்டறையில் வேலையாம். இடைவேளையில் என்ன வேலை என்று கேட்டாள். போரிங் மெஷின் ஆப்பரேட்டர் என்றேன்.

"ஒங்க பெக்டரில ஆள் எடுக்கிறாங்களாக்கா?"

"டிரில்லிங் மெஷினுக்கு எடுக்கிறாங்க. தவுக்கே கொறச்சுத்தான் சொல்லுவாரு. நீ ஒத்துக்காத."