உன் படம் இன்றைக்கும் வந்தது

இன்று காலை வெஞ்சனத்துக்கு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். போன் சத்தம் போட்டது. என் சின்ன நாத்தனார் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். "புள்ள புடிக்கிறவ நம்ம பக்கம் சுத்துறாளாம், உஷார்" என்று கீழே எழுத்து. படத்தில் நீ. கறுப்பு புர்கா, உன் நீல ஸ்கூட்டி, முன்னால் நிற்கிற சின்னப் பையன். நீ மண்ணுக்குள் போய் இரண்டு வருஷமாகிறது. உன்னிடம் ஜாக்கிரதையாக இருக்கும்படி ஊருக்கு இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நாத்தனாருக்குப் போன் போட்டேன்.

"அது யாருன்னு தெரியுதா? எம்மக கல்யாணத்துல ஒனக்குப் பக்கத்துல நின்னு பரிமாறுனவ."

"அப்புடியா அண்ணி? மொகம் சரியாத் தெரியல. வந்துச்சு, அனுப்புனேன்" என்றாள். அவ்வளவுதான்.

எதிரெதிர் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தோம். உன் வீட்டுக்காரர் வேலை பார்த்த தோல் கிடங்கு மூடியதும் நீ நைட்டி வியாபாரம் ஆரம்பித்தாய். என் வீட்டு ஜன்னல் வெளிச்சம் நல்லா இருக்கிறதென்று இங்கேதான் வீடியோ எடுப்பாய். நான் துணியின் ஓரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். "கைய ஆட்டாத புள்ள, பூவெல்லாம் கலங்குது" என்று அதட்டுவாய். எரியோடு, வேடசந்தூர் பக்கத்துப் பெண்கள் பார்த்துக் கலர் சொல்வார்கள். நீ கொண்டுபோய்க் கொடுப்பாய். அடுப்பில் குழம்பு கொதிக்க, அவர்களுடைய வாய்ஸ் மெசேஜுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பாய். "பாதிப்பேரு நைட்டிக்குப் பேசல புள்ள. பேசுறதுக்கு ஆளில்லாமப் பேசுறாளுக" என்றாய் ஒருநாள்.

அந்தப் போனை நான் எப்படி வைவேன்? என் மகள் பிரசவத்தில் ரத்தம் கிடைக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது, ரத்தம் வேண்டுமென்று நீ அதில்தான் போட்டாய். செத்த நேரத்தில் பேகம்பூரிலிருந்து முன்பின் தெரியாத இரண்டு பேர் வண்டியில் வந்து இறங்கினார்கள். என் பேத்தி இன்று பள்ளிக்கூடம் போகிறாள்.

அந்தப் படம் எடுத்த அன்றைக்கு எரியோட்டைத் தாண்டி ஒரு ஊருக்குச் சரக்கு கொண்டு போயிருந்தாய். பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன் தனியாக அழுதுகொண்டு நின்றான். ஸ்கூட்டியில் முன்னால் நிற்கவைத்து, விசாரித்து, வீட்டில் கொண்டுபோய் விட்டாய். அவன் அம்மா உனக்கு மோர் கொடுத்தாள். அதற்குள் யாரோ எடுத்த படம் உனக்கு முன்னாலேயே அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அங்கே வண்டியை மறித்தார்கள். நீ சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. போலீஸ் வந்து மீட்டபோது உன் முகம் வீங்கி, உதடு கிழிந்திருந்தது. உன் தலைமுடியைப் பிடித்து இழுத்தவள் உன்னிடம் வாங்கிய நைட்டியைப் போட்டிருந்தாள் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னாய். "அளவு சரியா இருந்துச்சு புள்ள அவளுக்கு" என்றாய்.

அடித்தவர்களை ஸ்டேஷனில் விசாரித்தபோது, "எங்களுக்கு வந்துச்சு, பயந்துட்டோம்" என்றார்கள். முதலில் அனுப்பியது யாரென்று கடைசிவரைக்கும் தெரியவில்லை.

அந்தப் பையனின் அம்மா அழுதுகொண்டே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "அந்தக்கா எம்புள்ளைய வீட்டுல கொண்டாந்து விட்டவுங்க. அவுங்களப் போயி அடிச்சிருக்கீங்களே, நல்லாருப்பீங்களா?" அதைக் கேட்டதும் உன் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது. "இத எல்லாரும் கேட்டா சரியாப் போயிரும்" என்றாய். இரண்டு பேரும் உட்கார்ந்து, தெரிந்த குழுவுக்கெல்லாம் அனுப்பினோம். கட்டைவிரல் படம் போட்டார்கள். அழுகிற பொம்மை போட்டார்கள். வேறு ஒருவருக்கும் அனுப்பியதாகத் தெரியவில்லை. உன் படமோ கொடைரோடு போனது, தொப்பம்பட்டி போனது. அங்கிருந்து உன் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி கூப்பிட்டாள். "ஏனுங்க்கா, இது நீங்கதானுங்களா?" நீ போனை என் மடியில் வைத்துவிட்டாய்.

அதற்கப்புறம் நீ ஸ்கூட்டியைத் தொடவில்லை. கதவைத் தட்டினால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறப்பாய். தெருப் பிள்ளைகள் வாசலில் விளையாடினால் எழுந்து உள்ளே போய்விடுவாய். "நானா புள்ள அது?" என்று அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாய். அதை அழித்துவிடச் சொன்னேன். "எங்கிட்ட அழிச்சா ஊருல அழிஞ்சிருமா?" என்றாய். ஒரு காலையில் நீ எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர்.

உன் படம் வரும்போதெல்லாம் அந்த அம்மாவின் குரலை நான் திருப்பி அனுப்புகிறேன். இன்றும் நாத்தனாருக்கு அனுப்பினேன். இன்னும் அவள் கேட்கவில்லை. கேட்டாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் நம்ம பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னப் பெண்பிள்ளை தாயைத் தவறவிட்டு அழுதுகொண்டு நின்றது. நீயாக இருந்தால் போய்த் தூக்கியிருப்பாய். நான் முதலில் யார் கையில் போன் இருக்கிறது என்று பார்த்தேன். எல்லார் கையிலும் இருந்தது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. அதன் அம்மா ஓடி வரும்வரை, என் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.