நீலப் படைக்கு வேவுகாரன்

ஜூன் 13, வெள்ளி

காலையில் தூறல், பிறகு வெயில். லாயம் கூட்டியாயிற்று. பிரஷர் மாத்திரை போட்டாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு இந்தப் போன் பெரிய உதவி. வாயால் சொல்ல எழுதுகிறது, தட்டினால் திரும்ப வாசிக்கிறது.

இன்று பெரிய சங்கதி. என்னை வேவுகாரனாக எடுத்துவிட்டார்கள்!

லாயத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் வருடா வருடம் இந்த விளையாட்டு. டோர்ட்மண்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம். அமெரிக்காக்காரர் முன்னொரு காலம் தங்களுக்குள் அடிபட்ட போர். இங்கே டொச்சுக்காரர், இந்த ஜெர்மன்காரர்தான், வேஷம் கட்டி அடிபடுவார்கள். நீலச் சட்டை ஒரு பக்கம். அடிமைகளை வைத்திருந்தவர்களின் சாம்பல் சட்டை மறுபக்கம். நீலத்துக்குக் கப்டன் யூர்கன். மற்ற நாட்களில் வீடுகளுக்கு ஹீட்டர் பூட்டுகிறவர்.

அவர் சொன்னவை: தொண்டர் குதிரைப்படையில் பலர் சொந்தக் குதிரையோடுதான் சேர்ந்தார்களாம். குதிரை செத்தால் நடை. ஜெர்மனியிலிருந்து பிழைக்கப் போனவர்களும் நிறையப் பேர் நீலச் சட்டை போட்டார்களாம். பிழைக்கப் போன இடத்திலும் சண்டை!

"குதிரையில போறவன் தூரத்தில நிண்டு பாப்பான். உள்ளுக்க போய்ப் பாக்கிறது சமையல்காரன், உடுப்புத் தோய்க்கிறவள், லாயக்காரன். அவையின்ர முகத்தை ஆரும் பாக்கிறேல்லை" என்றார்.

"அப்ப நான் பிறந்ததே வேவுகாரனாத்தான்" என்றேன். சிரித்தார்.

ஒப்பந்தம் இது. நாளை சாம்பல் முகாமுக்குள் போய், குதிரைகளை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று அறிந்து உயிரோடு திரும்பவேண்டும். திரும்பினால் ஞாயிறு சண்டையில் லீசல் எனக்கு! பழுப்புப் பெட்டைக் குதிரை. தினமும் அதன் லத்தி அள்ளுகிறேன், ஒரு நாளும் ஏறியதில்லை. யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் காட்டுக் குதிரையைப் பிடித்துச் சேணமில்லாமல் ஓடியவன் நான். தொடை இன்னும் மறக்கவில்லை.

குதிரை ஏறப்போகிறேன் என்றதும் மகள் வதனி போனில்: "அப்பா, எழுபத்தாறு வயசு. விழுந்தா ஆர் பாக்கிறது?"

"நீதான்."

"பகிடி விடாதேங்கோ."

ரோல்ஸ் பொரித்துத் தரச் சொன்னேன். எதற்கென்று சொல்லவில்லை. ராணுவ ரகசியம்.

ஜூன் 14, சனி

நல்ல வெயில். முழங்கால் நோவு இல்லை.

ரோல்ஸ் கூடையோடு சாம்பல் முகாம். வாசலில் காவல்காரன் துவக்கை நீட்டினான். ஒரு ரோல்ஸ் கொடுத்தேன். துவக்கு கீழே போயிற்று. ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தார்கள். யூர்கன் சொன்னது சரி.

உடுப்புத் தோய்க்கிற பெட்ரா ரகசியமாக நம் ஆள். வாளிக்குள் கையை விட்டபடி, என்னைப் பாராமலே: "குதிரை முழுக்க ஓடைக்குப் பின்னால. காவல் ஒருத்தன்தான். அவனும் நித்திரை."

லீசல் கைக்குள் வந்தமாதிரி.

அப்படியே திரும்பியிருக்கலாம். சாம்பல் மேஜர் ஹெல்முட், பல் டொக்டர், தன் கூடாரத்துக்குள் ரோல்ஸ் கேட்டுக் கூப்பிட்டார். போனேன், வாசலில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு! இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலம், இன்னும் யார் வாசலென்றாலும் கை தானாகக் கழற்றுகிறது. யூர்கன் தந்த பூட்ஸ். உள்ளே நீலப் படை முத்திரை. காவல்காரன் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ரோல்ஸ் திறம். ஆனா நீங்கள் இப்ப கைதி" என்றார் ஹெல்முட்.

முகாமில் உள்ள எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். சிரிப்பும் கூச்சலும். "இவைக்குள்ள உங்கட ஆள் ஆர்? வாய் திறக்க வேண்டாம். தலையை ஆட்டினாக் காணும். நாளைக்கு எங்கட பக்கம் குதிரையில வாங்கோ, வெள்ளைக் குதிரை."

வெள்ளைக் குதிரை!

ஆனால் கழுத்து அசையவில்லை. முன்பு ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு. பள்ளிக்கூட மைதானத்தில் நாங்கள் வரிசையாக. ஜீப்புக்குள் ஆள்காட்டி, சாக்கு மூடிய தலை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தத் தலை எனக்கு ஆடவில்லை. அடுத்து நின்ற தவராசாவுக்கு ஆடியது. தவராசா திரும்பி வரவில்லை.

"விளையாட்டுத்தானே" என்றார் ஹெல்முட்.

"ஓம், விளையாட்டுத்தான். ஆனா ஏலாது" என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது, சிரிப்பை நிறுத்திவிட்டார்.

விதிப்படி தூக்கு. கழுத்தில் சிவப்பு நாடா. செத்தவன் சண்டையில் குதிரை ஏறமுடியாது. போச்சு லீசல்.

பெட்ராவை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. உடுப்புக் கூடையோடு ஓடைப்பக்கம் போய் யூர்கனிடம் சொல்லிவிட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

என்ன சண்டை! செத்தவர்களோடு புல்லில் இருந்து கோப்பி குடித்தபடி பார்த்தேன். எங்கள் ஆட்கள் ஓடையைச் சுற்றிப் போய்ச் சாம்பலின் குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். ஹெல்முட் தொப்பியில்லாமல் குதிரைக்குப் பின்னால் ஓட்டம்! தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்துப் பிணம்: "கத்தாதேங்கோ, நாங்கள் செத்தாக்கள்."

நாங்கள் வென்றோம். விசில். பிணங்கள் எழும்பித் தூசி தட்டின.

பெட்ரா வந்தாள். கையில் லீசலின் கடிவாளம். "சண்டை முடிஞ்சுது. குதிரையை லாயத்துக்குக் கொண்டுபோக ஆள் வேணும். செத்தவர் கொண்டுபோகப்படாது எண்டு விதி இல்லை."

யூர்கன் கழுத்து நாடாவை அவிழ்த்தார். ஹெல்முட் குனிந்து இரண்டு கையையும் கோத்துப் படியாகப் பிடித்தார். பல் டொக்டரின் கையில் கால் வைத்து ஏறினேன்.

உயரம்! தொடைக்குக் கீழே சூடு. லீசல் ஒரு தரம் காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு நடந்தது.

ரோட்டில் ஏற, வதனியின் கார். என்னைக் கூட்டிப்போக வந்தவள்.

"அப்பா! இறங்குங்கோ!"

"ஏலாது பிள்ளை. நீ முன்னால போ. மெதுவா."

காரின் நாலு லைட்டையும் மினுக்கவிட்டுக்கொண்டு முன்னால் ஊர்ந்தாள். பின்னால் கார்கள் வரிசை. ஒருவனும் ஹோர்ன் அடிக்கவில்லை.